சாக்குக் கழிவு ரெண்டு கிலோ: சமயங்கள் இதைப் பற்றி என்ன சொல்லுது?

நெல்லுக்கடை, திருக்கோவில் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம்.

மகன் தரம் 10 படிக்கிறான். "எல்லாச் சமயங்களுக்கும் பொதுவான அறநெறிகள்" என்று பாடசாலையில் ஐந்து நிமிஷம் பேச வேண்டுமாம். அன்பு, கருணை, ஒற்றுமை என்று ரெண்டு பக்கம் எழுதிக்கொண்டு கடைக்கே வந்து வாசித்துக் காட்டினான். எழுதினதில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் அவன் வாசிக்கிற நேரம் நான் நெல் நிறுத்துக்கொண்டிருந்தேன். அவன் வாசித்ததில் ஒரு வரிகூட என் கையில் இருந்த வேலையைத் தொடவில்லை. அது மனதில் கிடந்து உறுத்துகிறது.

விஷயத்தைச் சொல்கிறேன். அப்பா 35 வருசம் நெல் வாங்கி ஆலைக்குக் கொடுத்தவர். அவர் மோசம் போய் (காலமாகி) மூன்று வருசம். இப்போது கடை என் பொறுப்பு. சாக்கின் நிறைக்கென்று மூடைக்கு ரெண்டு கிலோ "சாக்குக் கழிவு" வெட்டுவது அப்பா காலத்து வழக்கம். தராசு 68 காட்டினால் கொப்பியில் 66 என்று எழுதுவோம். பக்கத்துக் கடைகளிலும் அப்படித்தான். யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

போன பெரும்போக வெட்டில் அக்கரைப்பற்று ஹாஜியார் பதினொரு மூடை கொண்டு வந்தார். அப்பாவின் கூட்டாளி. 1990 தமிழ்-முஸ்லிம் பிரச்சினையோடு அந்தப் பக்கத்து ஆட்கள் எங்கள் கடைக்கு வருவது நின்றுபோய், பிறகு ஒருவாறு பாதை திறந்தபோது முதல் வண்டில் நெல் கொண்டு வந்து இறக்கியவர் அவர்தான் என்று அப்பா எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். நான் எழுதி முடிக்கும்வரை மனிசன் வாய் திறக்கவில்லை. பிறகு கீழே கிடந்த வெறும் நைலோன் சாக்கை எடுத்து, நாலாக மடித்து, என் உள்ளங்கையில் வைத்தார்.

"மகள், இதில எங்க ரெண்டு கிலோ இருக்கு? உங்கட அப்பா சணல் சாக்கில வாங்கினவர்."

கோபமாகச் சொல்லவில்லை. காசை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்றிரவு வீட்டில் மா நிறுக்கிற சின்னத் தராசில் ரெண்டு சாக்கையும் வைத்துப் பார்த்தேன். பரணில் கிடந்த பழைய சணல் சாக்கு 1 கிலோ 40 கிராம். நைலோன் சாக்கு 120 கிராம். மூன்று தரம் நிறுத்தேன், மூன்று தரமும் அதே கணக்குத்தான். அப்படியென்றால் மூடைக்கு 1 கிலோ 880 கிராம் நான் சும்மா எடுத்திருக்கிறேன். போன போகத்தில் 1,400 மூடை வாங்கினேன். 2,632 கிலோ. கிலோ 120 ரூபா என்று போட்டால் மூன்று லட்சத்துப் பதினைந்தாயிரத்துக்கு மேல். சனங்களின் நெல்.

நான் கேட்பது இதுதான். வெட்டுவது விற்கிறவருக்குத் தெரியும், தெரிந்துதான் தருகிறார். அப்போதும் அது களவா? களவென்றால் போனதற்கு என்ன செய்வது? இன்னொன்றும் இருக்கிறது, அதுதான் எனக்குப் பாரம். நைலோன் சாக்கு வந்தது அப்பா இருக்கும்போதே. அவரும் ரெண்டு கிலோதான் வெட்டினார். கவனிக்காமல் விட்டிருப்பார் என்றுதான் என் மனம் சொல்கிறது.

சைவ நூல் மட்டும் இல்லாமல் எல்லாச் சமயத்திலும் இதற்கு என்ன இருக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்க. மகனுக்கும் உதவும்.

---

மில் தம்பி, சம்மாந்துறை

அக்கா, நான் மில்லொன்றில 9 வருசமா நெல் இறக்குறன். மார்க்கம் பேச எனக்குப் படிப்பில்ல. நெல்லைப் பத்திச் சொல்றன்.

அந்த ரெண்டு கிலோவில சாக்கு மட்டும் இல்ல. ஈரமும் பதரும் சேர்ந்துதான் அந்தக் காலத்தில அப்பிடி ஒரு கணக்கு வந்தது. ஆலைக்கு 14 வீதம் ஈரம்தான் சரி. நெல் சந்தைப்படுத்தும் சபையும் 14 வீதத்துக்குத்தான் எடுக்கும். 18 வீத ஈரத்தோட ஒரு 66 கிலோ மூடை வந்தா, காய்ஞ்சு 14க்கு வரக்குள்ள மூணு கிலோ குறைஞ்சிரும். 16 எண்டா ஒண்டரைக் கிலோ. அப்ப வெட்டு மெசினால அறுத்த கையோட பச்சையாக் கொண்டு வாறவருக்கு நீங்க ரெண்டு கிலோ வெட்டினா நட்டம் உங்களுக்குத்தான்.

ஆனா யார் உண்மையா நட்டப்படுறது எண்டு பாருங்க. ரெண்டு நாள் ரோட்டோரம் படங்கு விரிச்சு, வெயில்ல நிண்டு காலால கிண்டிக் காயவெச்சுக் கொண்டு வாற மனிசன். அவருக்கும் ரெண்டு கிலோ, பச்சை நெல்லுக்கும் ரெண்டு கிலோ. காயவெச்சவர்ட நெல்லை எடுத்து காயவெக்காதவருக்குக் கொடுக்கிற மாதிரித்தான் அது. எல்லாருக்கும் ஒரே வெட்டு எண்டா நீதி போலத் தெரியும், நீதி இல்ல.

ஈரம் பார்க்கிற மெசின் ஒண்டு வாங்குங்க. சாக்கு நிறையைத் தனியா எழுதுங்க, ஈரத்தைத் தனியா எழுதுங்க. அவ்வளவுதான்.

---

ஓய்வுபெற்ற ஆசிரியை, மட்டக்களப்பு

மகள், உங்கள் கேள்வியை நேற்று வாசித்துவிட்டுத் தூங்கவில்லை. 31 வருடம் தமிழ் படிப்பித்தவள் நான், கிறிஸ்தவள். மகனின் பேச்சுக்குப் பொருள் உங்கள் தராசிலேயே இருக்கிறது.

1993ஆம் ஆண்டு சிக்காகோவில் உலக சமயங்களின் பாராளுமன்றம் கூடி, உலகுக்குப் பொதுவான ஓர் அறநெறிப் பிரகடனத்தை வெளியிட்டது. முதல் வரைவை எழுதியவர் ஹான்ஸ் கூங் என்ற கத்தோலிக்க இறையியலாளர். உயிர்களை மதித்தல், நீதியான பொருளாதாரம், உண்மையோடு வாழ்தல், ஆண் பெண் சமத்துவம் என்று நான்கு உறுதிகள். 2018இல் பூமியைப் பேணுதல் ஐந்தாவதாகச் சேர்ந்தது. மகன் இதைச் சொல்லட்டும், ஒரு வரியில். ஆனால் பேச்சை அதிலிருந்து தொடங்க வேண்டாம். பெரிய சொற்களில் ஒத்துப்போவது யாருக்கும் எளிது. சமயங்கள் எவ்வளவு நெருக்கமாக ஒத்துப்போகின்றன என்பது சின்ன விஷயங்களில்தான் தெரியும். தராசு அப்படி ஒரு சின்ன விஷயம்.

பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைச் சொல்லும் இடம்: "கொள்வதூஉம் மிகை கொளாது, கொடுப்பதூஉம் குறை கொடாது." வாங்கும்போது கூட எடுப்பதில்லை, கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்பதில்லை. வள்ளுவர் நடுவு நிலைமை அதிகாரத்தை முடிப்பதே வியாபாரியை வைத்துத்தான்: "வாணிகம் செய்வார்க்கு வாணிகம் பேணிப் பிறவும் தமபோற் செயின்." அதற்குப் பரிமேலழகர் உரையும் அதே சொல்லைத்தான் எடுக்கிறது, கொள்வது மிகையும் கொடுப்பது குறையும் ஆகாமல் செய்வது என்று.

இனி வேதாகமம். உபாகமம் 25ஆம் அதிகாரம், உன் பையிலே பெரிதும் சிறிதுமான நிறைகற்களை வைத்திருக்க வேண்டாம் என்கிறது. ஏன் ரெண்டு கல்? வாங்க ஒன்று, விற்க ஒன்று. பட்டினப்பாலைப் புலவர் "மிகை", "குறை" என்று பிரித்துச் சொன்னதும் இதே கள்ளத்தைத்தான். நீதிமொழிகள் 11:1, "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது". ஆமோஸ் தீர்க்கதரிசி, மரக்காலைக் குறைத்து, தராசைக் கள்ளத்தராசாக்கி, தானியத்தின் பதரையும் விற்கிறவர்களைத் திட்டுகிறார். பதர் வரைக்கும் அவருக்குத் தெரிந்திருக்கிறது பாருங்கள். களத்தில் நின்று பார்த்தவர் பேசுகிற பேச்சு அது.

தெரிந்துதானே தருகிறார்கள் என்ற உங்கள் முதல் கேள்விக்கு என்னிடம் முடிவான பதில் இல்லை. ஆனால் போனதைப் பற்றிச் சொல்ல முடியும். எண்ணாகமம் 5ஆம் அதிகாரத்தில், பிறனுக்குச் செய்த குற்றத்துக்கு முதலைத் திருப்பிக் கொடுத்து ஐந்தில் ஒரு பங்கும் கூட்டிக் கொடு, வாங்க அவனோ உறவினனோ இல்லாவிட்டால் அது கர்த்தருக்குப் போகட்டும் என்று இருக்கிறது. வரி தண்டிய சகேயு, இயேசு வீட்டுக்கு வந்த அன்று நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று எழுந்து நின்றான். வள்ளுவர் காலக்கெடுவே வைத்துவிட்டார்: "நன்றே தரினும் நடுவிகந்தாம் ஆக்கத்தை அன்றே ஒழிய விடல்." நடுநிலை தவறி வந்த ஆக்கம் நன்மையே தந்தாலும் அதை அன்றே விட்டுவிடு என்கிறார்.

---

மருதமுனையான்

அஸ்ஸலாமு அலைக்கும், சகோதரிக்கும் டீச்சருக்கும்.

டீச்சர் எழுதின பட்டினப்பாலை வரியை வாசித்து நான் எழும்பி நின்றுவிட்டேன். அல்குர்ஆனின் 83ஆவது அத்தியாயத்துக்குப் பெயரே "அல்முதஃப்பிஃபீன்", அளவில் மோசடி செய்வோர். அது தொடங்குவது இப்படி: அளவில் மோசடி செய்வோருக்குக் கேடுதான். அவர்கள் மனிதரிடமிருந்து அளந்து வாங்கும்போது நிறைய வாங்குகிறார்கள், அவர்களுக்கு அளந்தோ நிறுத்தோ கொடுக்கும்போது குறைக்கிறார்கள். வாங்கும்போது மிகை, கொடுக்கும்போது குறை. அரபு மண்ணிலும் காவிரிக் கரையிலும் அதே ரெண்டு கை அசைவு. ஷுஐப் நபி மத்யன் மக்களிடம் அல்லாஹ்வை வணங்குங்கள் என்று சொன்ன கையோடு சொன்ன அடுத்த பேச்சு, அளவையும் நிறையையும் பூரணமாகக் கொடுங்கள் என்பதுதான்.

இனி உங்கள் முதல் கேள்வி. வியாபாரத்துக்கு இரு பக்கத்துப் பொருத்தமும் வேண்டும் என்று குர்ஆன் சொல்கிறது. "தெரிந்துதான் தருகிறார்" என்பது பொருத்தமா? நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும், கோபிக்க வேண்டாம். விதைப்புக்கு உரம், எண்ணெய் எல்லாம் கடனுக்குக் கொடுத்து, வெட்டின நெல்லை எனக்கே தர வேண்டும் என்று பேசி வைக்கிற கடைகள் நம் மாவட்டத்தில் எத்தனை? அப்படிக் கட்டுப்பட்டு வருகிற மனிசன் வாய் மூடி நிற்பதைப் பொருத்தம் என்று எடுக்க முடியாது. அவருக்கு வேறு கடை இல்லை.

போனதற்கு எங்கள் மார்க்கச் சட்டமும் டீச்சர் சொன்ன மோசே நபியின் சட்டத்துக்கு வெகு கிட்ட நிற்கிறது. மனிதருக்குரிய ஹக்கை (உரிமையை) தவ்பாவால் (இறைவனிடம் மன்னிப்புக் கேட்பதால்) மட்டும் அழிக்க முடியாது. உரியவரிடம் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர் ஹலால் பண்ணி மன்னிக்க வேண்டும். அவர் மௌத்தாகியிருந்தால் வாரிசுகளுக்கு. ஆளே கிடைக்காவிட்டால் அவருடைய பேரில் ஸதகா (தருமம்).

---

நெல்லுக்கடை, திருக்கோவில்

மருதமுனைத் தம்பி, கோபம் இல்லை. நீங்கள் கேட்ட கேள்வி சரி. உரத்துக்குக் கடன் நானும் கொடுக்கிறேன். போன போகத்தில் வந்தவர்களில் பாதிக்கு மேல் என் கடன்காரர். ஹாஜியார் யாரிடமும் கடன் வாங்காதவர். அதனால்தான் அவரால் அந்தச் சாக்கை மடித்து என் கையில் வைக்க முடிந்தது. மற்றவர்களும் கண்டிருப்பார்கள். கேட்க முடியாமல் நின்றிருக்கிறார்கள்.

வைகாசியில் தம்பிலுவில் கண்ணகி அம்மன் கோயில் கதவு திறந்தால் சின்ன வயதிலிருந்தே கண்ணகி வழக்குரைப் பாட்டுக் கேட்க அப்பாவோடு போயிருக்கிறேன். சிலம்பை உடைத்துக் காட்டின இடத்தில் பாண்டியன் "யானோ அரசன், யானே கள்வன்" என்று விழுகிறானே, பாடசாலையில் படித்த அந்த வரி இப்போது கடையைத் திறக்கும்போதெல்லாம் வருகிறது. அவனும் வேண்டுமென்று செய்யவில்லை. விசாரிக்காமல் விட்டான்.

---

அம்பாறைப் பிள்ளை

அக்கா, என் அம்மா சிங்களம், அப்பா தமிழ். அம்பாறை டவுணில் வளர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை தஹம் பாசலுக்கு (பௌத்த அறநெறிப் பாடசாலைக்கு) போய்ப் படித்ததைச் சொல்கிறேன்.

பஞ்ச சீலத்தில் ரெண்டாவது "அதின்னாதானா வேரமணீ". களவு செய்யமாட்டேன் என்று பொதுவாகச் சொல்வோம், ஆனால் பாளிச் சொல்லை அப்படியே பிரித்தால் "கொடுக்கப்படாததை எடுப்பது". வாய் மூடிக்கொண்டு விட்டுவிடுவது கொடுப்பது ஆகாது என்று எங்கள் ஹாமுதுரு (பிக்கு) விளக்கினது நினைவிருக்கிறது. பௌத்த நூலான தீக நிகாயத்தின் சூத்திரங்களில் புத்தர் விலகி நின்றவற்றைச் சொல்லும் பட்டியலில் "துலாகூட", "மானகூட" என்று வருகிறது. துலா என்றால் நீங்கள் சொல்லும் அதே துலாம், தராசு. மானம் என்றால் அளவை.

சேரிவாணிஜ ஜாதகம் சிங்களப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். ரெண்டு வியாபாரிகள். நொடிந்துபோன குடும்பத்துப் பாட்டியும் பேத்தியும் ஒரு கறுத்த பாத்திரத்தைக் காட்டுகிறார்கள். முதலாமவன் கீறிப் பார்த்து, தங்கம் என்று அறிந்தும், காலணாப் பெறாது என்று எறிந்துவிட்டுப் போகிறான், பிறகு வந்து சும்மா எடுக்கலாம் என்று. ரெண்டாமவன் வந்து, அம்மா, இது லட்சம் பெறுமதி, என்னிடம் அவ்வளவு இல்லை என்று சொல்லி, கையில் இருந்த ஐந்நூறு காசையும் ஐந்நூறு பெறுமதியான சரக்கையும் கொடுக்கிறான். தனக்கென்று கேட்டது எட்டுக் காசு, ஒரு பை, தராசு, மூன்றும்தான். சின்னதில் எனக்கு அந்தத் தராசுதான் விளங்கவில்லை. எல்லாவற்றையும் கொடுத்தவன் அதை ஏன் கேட்டான் என்று அம்மாவிடம் கேட்டேன். "நாளைக்கும் வியாபாரம் செய்யத்தானே வேணும்" என்றா.

---

டோகாவில் இருந்து ஒரு களுவாஞ்சிக்குடியான்

நான் பெரிதாக எழுதத் தெரியாதவன். எங்கள் கேம்பில் பஞ்சாபி சர்தார் (சீக்கியர்) ஒருவர் ஸ்டோர் பார்க்கிறார். அரிசி, பருப்பு நிறுத்துத் தருவார். பதின்மூன்றாவது வந்தால் "தேரா" என்று கொஞ்சம் நிறுத்திச் சொல்வார். ஏன் என்று கேட்டேன். அவர்களுடைய குரு நானக் இளம் வயதில் சுல்தான்பூர் என்ற ஊரில் நவாபின் களஞ்சியத்தில் தானியம் நிறுத்துக் கொடுத்தவராம். பன்னிரண்டு வரை எண்ணிவிட்டு "தேரா" வரும்போது மேலே எண்ண முடியாமல் "தேரா, தேரா" என்றே நின்றுவிடுவாராம். அவர்கள் பாஷையில் அதற்குப் பதின்மூன்று என்றும் அர்த்தம், "உன்னுடையது" என்றும் அர்த்தம். இப்படி அள்ளிக் கொடுக்கிறார் என்று கோள் சொல்லி, கணக்குப் பார்த்தபோது ஒன்றும் குறையவில்லை என்று கதை.

எங்கள் அப்பாவும் வேளாண்மைக்காரர்தான். கடையில் நிறுக்கும்போது பேசாமல் தராசையே பார்த்துக்கொண்டு நிற்பார், எனக்கு நினைவிருக்கிறது. அக்கா, திருப்பிக் கொடுங்க.

---

நெல்லுக்கடை, திருக்கோவில்

மூன்று கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன். பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி.

முதலில் கடை. சாக்கு நிறை 120 கிராம் என்று பலகையில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறேன். ஈரம் பார்க்கிற மெசின் வாங்கியாகிவிட்டது. வருகிறவர் கண் முன்னால் போட்டு, இலக்கத்தைக் காட்டி, அதன்படிதான் வெட்டுகிறேன். ரெண்டு கடைக்காரர் வந்து, நீ இப்படிச் செய்தால் நாங்கள் எப்படி நடத்துவது என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார்கள். போகட்டும்.

என் காலத்துக் கொப்பி மூன்றையும் மகன் பார்த்து, பெயரும் மூடைக் கணக்கும் தனியாக எழுதினான். 87 பெயர். கடன்காரர்களுக்கு அடுத்த போகத்து உரக் கணக்கில் கழிப்பது என்று நினைத்தேன். மகன்தான் வேண்டாம் என்றான். "கையில குடுங்கம்மா, பிறகு அவங்க விரும்பினாக் கடனைக் கட்டட்டும்." யோசித்துப் பார்த்தேன், அவன் சொன்னதுதான் சரி.

முதல் ஆளாக ஹாஜியார் வீட்டுக்குப் போனோம். மூன்று வருசத்தில் அவர் தந்தது 64 மூடை. அவருடைய நெல்லில் ஈரம் என்ற பேச்சே இல்லை, பல்லில் வைத்துக் கடித்தால் டக்கென்று முறியும். 120 கிலோ 320 கிராம் வந்தது, இன்றைய விலைக்கு 14,438 ரூபா. அப்பா காலத்து மூடைகளுக்கும் ஒரு தொகை தனி என்வலப்பில் வைத்திருந்தேன். நைலோன் சாக்கு எந்தப் போகத்தில் வந்தது என்று சரியாகத் தெரியாததால், கூடவே வைத்தேன்.

மனிசன் முற்றத்தில் இருந்து ரெண்டையும் வாங்கிப் பார்த்தார். அப்பாவின் என்வலப்பைத் திறக்கவேயில்லை. "இது அண்டைக்கே ஹலால் மகள். உங்கட அப்பா மோசம் போன அண்டு, ஊட்டுக்கு வந்து போகக்குள்ளயே நான் மன்னிச்சுட்டன்" என்று திருப்பி என் மடியில் வைத்தார். அப்படியென்றால் அவருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. அப்பாவிடம் கேட்காமல் இருந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருடைய மனைவி உள்ளே கூட்டிக்கொண்டு போய்த் தண்ணீர் தந்தா.

திரும்பி வந்தபோது மற்ற என்வலப்பை எண்ணி முடித்திருந்தார். நான் வைத்தது 14,500. மகன் எழுதின துண்டைக் கண்ணாடியோடு ஒருக்கா, கண்ணாடி இல்லாமல் ஒருக்கா வாசித்தார். பிறகு சேர்ட் பொக்கெட்டில் தேடி ஐம்பது ரூபாத் தாள் ஒன்று, பத்து ரூபாக் குற்றி ஒன்று எடுத்தார். ரெண்டு ரூபா கிடைக்கவில்லை. பேரப்பிள்ளையைக் கூப்பிட்டு, அலுமாரிக்கு மேலே இருக்கிற ரின்னில் பார்க்கச் சொன்னார். அவன் கொண்டு வரும்வரை எங்களைப் போக விடவில்லை. 62 ரூபாவையும் மகன் கையில்தான் கொடுத்தார்.

மகன் பேசிவிட்டான். சாக்கு ரெண்டையும் கொண்டுபோய் மேடையில் வைத்துத்தான் தொடங்கினானாம்.

இதுவரை 31 பேருக்குக் கொடுத்தாயிற்று. நாலு பேர் காலமாகிவிட்டார்கள், மூன்று பேருடைய பிள்ளைகளைக் கண்டுபிடித்தோம். அடுத்த பெயர் பொத்துவில் பக்கத்து ஓர் அம்மா. தனியாகச் செய்கை பண்ணுகிறவ. அவவின் நெல் எப்போதும் பச்சையாகத்தான் வரும், காயவைக்க ஆளில்லை. எந்த நாளில் எவ்வளவு ஈரம் இருந்தது என்று கொப்பியில் இல்லை. அவவுக்கு எப்படிக் கணக்குப் பார்ப்பது என்று மில் தம்பி ஒருக்கா வந்து சொல்லுங்க.